ஸ்டிக்கர் இருந்த இடம்

மாதவிக்கு ஐம்பத்தோராவது வயதில் ஒரு நாற்காலி கிடைத்தது. சும்மா நாற்காலி இல்லை. கோலாலம்பூரில் பெரிய ஹோட்டல் ஒன்றில், கடலில் மிதக்கிற குப்பையை என்ன செய்வது என்று பேச ஒன்பது நாட்டுக்காரர்கள் கூடுகிற மேசையில் ஒரு நாற்காலி. அந்த மேசையில் அதுவரை இலாகா அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், பேராசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், கோட்டு போட்டும் ஏசி குளிரில் நடுங்குகிறவர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். குப்பையைக் கையால் தொட்ட ஒருவர் உட்கார்ந்ததில்லை. இந்த முறை பத்து நிமிடம் பேசச் சொல்லி மாதவியின் அமைப்புக்குக் கடிதம் வந்தது. அவள் அதை நாலு தடவை மனதுக்குள் படித்தாள். ஐந்தாவது தடவை சத்தமாகப் படித்தாள்.

அமைப்பு என்றதும் பிரமாதமாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேல் மாடி. இரண்டு மேசை, ஒரு காற்றாடி, சுவரோரமாகக் கோணிப்பைகள். அவ்வளவுதான். ஆனால் வேலை பெரிய வேலை. கிள்ளான் ஆறு கடலில் சேருகிற இடத்தில், சதுப்புநிலக் காட்டு ஓரமாக, தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து இருபது பேர் சேற்றில் இறங்குவார்கள். கிள்ளான், பந்திங், ரவாங், சுங்கை வே என்று எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள். அகப்பட்ட ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒவ்வொரு புட்டியையும் எண்ணி, அதில் என்ன மொழியில் எழுதியிருக்கிறது என்று தாளில் குறிப்பார்கள். ஒன்றரை வருடம், பதினைந்து நாளைக்கு ஒரு முறை, மழையானாலும் வெயிலானாலும்.

எதற்கு இந்த மொழி விசாரணை என்றால், கடலுக்கு வேலி கிடையாது. நீ போட்டது என் கரையில் ஒதுங்குகிறது என்று ஒவ்வொரு நாடும் பக்கத்து நாட்டைக் கை காட்டும். யார் குப்பையோ அவர்தான் முதலில் குறைக்க வேண்டும் என்பது வரைக்கும் எல்லாருக்கும் சம்மதம். யார் குப்பை என்று கேட்டால்தான் சண்டை. அதற்கு நம் பக்கத்தில் யாரிடமும் ஒழுங்கான கணக்கெடுப்பு இல்லை. மாதவியிடம் இருந்தது. எழுத்து படிக்கிற நிலையில் அகப்பட்டவற்றில் நூற்றுக்கு முப்பத்தெட்டு வெளிநாட்டுச் சரக்கு என்று அவளுடைய அட்டவணை சொன்னது. அந்த முப்பத்தெட்டைக் கேட்டதும் மலேசியக் குழுவுக்கு ஆலோசகராக இருந்த இராமலிங்கம் நேரே மாடிப்படி ஏறி வந்து கை கொடுத்துவிட்டுப் போனார். நாற்காலியே அந்த எண்ணால்தான் வந்தது.

வெளிநாட்டுச் சரக்கில் பாதிக்கு மேல் தமிழ் எழுத்து. அப்பளப் பாக்கெட், சூடம் வந்த பிளாஸ்டிக் உறை, ஊதுபத்தி உறை, ஷாம்பு சாஷே, மிக்சர் பாக்கெட். பின்னால் மதுரை, சிவகாசி, சென்னை என்று முகவரி. சேற்றிலிருந்து தமிழ் எழுத்து வெளியே வந்தாலே நம் ஆட்களுக்கு ஒரு குஷி. "இந்தியாலேருந்து வந்திருக்கு பாருங்க" என்று கழுவிக் காட்டுவார்கள், படம் பிடிப்பார்கள். ஒரு சீனரோ மலாய்க்காரரோ எண்ணியிருந்தால் இந்த எண்ணம் வந்திருக்காது. தமிழ் என்று ஒன்று இந்தக் கரையில் இருந்தால் அது கடல் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறிப்போன நினைப்பு. மாதவியும் அப்படித்தான் நினைத்தாள். தமிழ் என்று குறித்துவந்த தாள்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, தாய் எழுத்துக்குத் தாய்லாந்து, பர்மிய எழுத்துக்கு மியன்மார், தமிழுக்கு இந்தியா என்று போட்டுக்கொண்டே போனாள். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தபோது, ஹோட்டலில் காட்சிக்கு வைக்க நல்ல மாதிரிகளாகப் பொறுக்கித் தரச் சொல்லி அமுதவள்ளியை வரவழைத்தாள்.

அமுதவள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வயது, கிள்ளான்காரி. சேற்றில் இறங்குகிற இருபது பேருக்கும் தலைவி. முட்டி வரைக்கும் புதைகிற இடத்தில் மற்றவர்கள் தத்தளித்துக்கொண்டிருக்க, அவள் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிற மாதிரி போய்வருவாள். ஒரு தாளில்கூட அவள் எண்ணிக்கை தப்பியது கிடையாது. சந்தேகம் வந்தால் மூட்டையைக் கொட்டி மறுபடி எண்ணுவாள், நீங்கள் எவ்வளவு முனகினாலும். இந்த வேலைக்கு வருமுன் பதினொரு வருடம் கிள்ளானில் லிட்டில் இந்தியா என்கிற தமிழர் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மொத்தக் கடையில் வேலை பார்த்தாள். என்ன வேலை என்று மாதவி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அன்று காலை கொமுட்டர் ரயிலில் வந்து, "பசியாறிட்டீங்களாக்கா" என்று விசாரித்துவிட்டு, அமுதவள்ளி தமிழ் எழுத்துக் கோணிப்பையை அவிழ்த்தாள். ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துத் தரையில் பரப்பினாள். பிறகு ஒன்றைத் திருப்பினாள். இன்னொன்றைத் திருப்பினாள். பத்துப் பன்னிரண்டு திருப்பியதும் கை நின்றது.

"அக்கா, இதெல்லாம் இந்தியாலேருந்து மெதந்து வந்ததுன்னா எழுதியிருக்கீங்க?"

ஆமாம் என்றாள் மாதவி.

"இது கிள்ளான்ல வித்தது லா."

மாதவிக்குச் சட்டென்று புரியவில்லை. அமுதவள்ளி ஒரு மிக்சர் பாக்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினாள். வெயிலிலும் உப்பிலும் கிடந்து பாக்கெட்டின் சிவப்பு வெளிறிப்போயிருந்தது. ஆனால் பின்பக்கம் வலது கீழ் மூலையில், நாலு விரல் அகலத்துக்கு ஒரு கட்டம் மட்டும் புதுச் சிவப்பாக இருந்தது. விரலால் தடவினால் இன்னும் லேசாகப் பிசுபிசுப்பு. வெளிநாட்டுச் சாமான் இங்கே கடைக்குப் போகுமுன் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் மலாயில் அச்சடித்த ஸ்டிக்கர் ஒன்று ஒட்ட வேண்டும். தண்ணீரில் ஊறி ஸ்டிக்கர் போய்விட்டது. அது மூடியிருந்த இடம் மட்டும் வெளிறாமல் நின்றுவிட்டது.

எப்படித் தெரியும் என்று மாதவி கேட்டாள். பதினொரு வருடம் அதைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன் என்றாள் அமுதவள்ளி. ஒரு நாளைக்கு ஆயிரம், தீபாவளி நெருங்கினால் இரண்டாயிரம். தேதியை மறைக்கக் கூடாது, விலையை மறைக்கக் கூடாது, அதனால் எப்போதும் வலது கீழ் மூலை. ஒரு அப்பளப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். "இது நான் ஒட்டுனதில்ல. நான் இப்படிக் கோணலா ஒட்ட மாட்டேன்."

மாதவிக்கு வந்ததே கோபம். ஒன்றரை வருடமாக என் கண் முன்னால்தானே எண்ணினாய், அப்போதெல்லாம் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று கத்தினாள். கத்தியதற்கு அப்புறம் வெகு நாள் வெட்கப்பட்டாள், அது வேறு விஷயம்.

அமுதவள்ளி பதிலுக்குக் கத்தவில்லை. "தாள்ல என்னா மொழின்னுதானக்கா கேட்டிருந்தீங்க, நான் மொழியத்தான் எழுதுனேன். எங்க வித்ததுன்னு ஒரு எடத்துலயும் கேக்கலியே. கேட்டிருந்தா அதையும் எழுதியிருப்பேன்."

சேற்றில் நின்றவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. மொழியை நாடாக மாற்றியது காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள்தான். மாதவி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். இருவருமாகக் கோணிப்பையில் மாதிரிக்கு வைத்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார்கள். நூற்றுத் தொண்ணூற்றேழில் கட்டம் இருந்தது. பதினைந்தில்தான் இல்லை. அந்த விகிதத்தில் அட்டவணையைத் திருத்திப் போட்டுப் பார்த்தபோது முப்பத்தெட்டு பதினாறாக இறங்கியது.

இராமலிங்கத்துக்குப் போன் செய்தாள். அவர் கெட்டவர் இல்லை. இருபது வருடமாக இந்த மேசைகளில் உட்கார்ந்து, ஒரு வரியை மாற்ற மூன்று நாள் வாதாடி அலுத்தவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எண் அச்சாகிவிட்டது, குழுவின் முழு வாதமும் அதன் மேல்தான் நிற்கிறது, இப்போது இறக்கினால் மற்ற எட்டு நாடும் நம்மைப் பார்த்துச் சிரிக்கும் என்றார். ஒரு சின்ன அடிக்குறிப்பு போட்டுக்கொள்ளலாம், கூட்டம் முடிந்ததும் நிதானமாகத் திருத்தலாம் என்றார். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"மாதவி, நான் மெரட்டல, உள்ளதச் சொல்றேன். நாளான்னைக்கு நீங்க இத மாத்திப் பேசுனா, அடுத்த வருஷம் உங்களக் கூப்பிட மாட்டாங்க. ரொம்பக் கஷ்டப்பட்டுக் கெடச்ச எடம். யோசிச்சுக்குங்க."

மாதவி யோசித்தாள். யோசிக்காமல் என்ன? நாமெல்லாம் யோசித்திருப்போம். இருபது பேர் ஒன்றரை வருடம் சேறு மிதித்ததற்குக் கிடைத்த ஒரே மரியாதை அந்த இடம். அவளே வேலையிலிருந்து முன்கூட்டி ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டு, இந்த மாடியில் தவம் கிடந்தவள். அடிக்குறிப்பு என்றால் பொய் இல்லை, சின்ன எழுத்தில் உண்மை. அப்படியும் ஒரு மனம் சொன்னது. அடிக்குறிப்பை டைப் செய்தும் பார்த்தாள். ஒரு வரி. யாரும் படிக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை அவளே கிள்ளானுக்கு ரயில் ஏறினாள். தன் கண்ணால் பார்க்காமல் மனம் ஆறவில்லை. அமுதவள்ளி அவளை லிட்டில் இந்தியாவின் பூக்கடைகளையும் பாத்திரக் கடைகளையும் தாண்டி, பின் சந்துக்குக் கூட்டிப்போனாள். கடைகளின் முதுகுப்பக்கம் ஓடுகிற பெரிய சாக்கடையில் மிக்சர் பாக்கெட்டுகளும் சூடத்து உறைகளும் தேங்கிக் கிடந்தன. அமுதவள்ளி ஒரு குச்சியால் ஒன்றை எடுத்தாள். ஸ்டிக்கர் பாதி உரிந்து தொங்கியது, கிள்ளான் முகவரி இன்னும் படிக்கிற மாதிரி இருந்தது. இந்தச் சாக்கடை ஆற்றுக்குப் போகிறது, ஆறு கடலுக்குப் போகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பேராசிரியர் வேண்டியதில்லை.

மொத்தக் கடை முதலாளி நூர் முகம்மது வெளியே வந்தார். அமுதவள்ளியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவளைப் போல ஒட்டுகிற ஆள் அப்புறம் வாய்க்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் மலர்ந்த முகம் சுருங்கியது. தன் கடை முகவரியைச் சாக்கடையில் படிக்க யாருக்குப் பிடிக்கும்? நான் விற்கத்தான் செய்கிறேன், தின்றுவிட்டு எறிகிறவனை என்ன செய்வது என்றார். பிறகு உள்ளே போய், ஒட்டாத ஸ்டிக்கர்ச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து அமுதவள்ளி கையில் வைத்தார். "கொண்டு போய்க் காட்டும்மா. எம் பேர் இருந்தா இருந்துட்டுப் போவுது. நம்மூரு சம்பா நம்மூருதான்." சம்பா என்றால் மலாயில் குப்பை.

ஒரு வியாபாரி தன் பெயரையே தூக்கிக் கொடுக்கிறார், நான் ஒரு நாற்காலிக்கு ஒரு ராத்திரி முழுக்கக் கணக்குப் பார்த்தேனே என்று மாதவிக்கு இருந்தது. அந்தச் சந்திலேயே நின்று போனை எடுத்து அடிக்குறிப்பை அழித்தாள்.

கூட்டத்தில் அவள் முறை வந்தபோது மணி பதினொன்று. முன்னால் பேசியவர்கள் எல்லாரும் பக்கத்து நாட்டைக் கை காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள், நாகரிகமான ஆங்கிலத்தில். மாதவி எழுந்து, உங்கள் கையில் அச்சாகி இருக்கிற முப்பத்தெட்டு தவறு என்றாள். சரியான எண் அதிகமாகப் போனால் பதினாறு, மற்ற மொழிப் பாக்கெட்டுகளையும் திருப்பிப் பார்த்தால் அதுவும் குறையலாம், தவறு சேற்றில் நின்றவர்களுடையது இல்லை, என்னுடையது என்றாள். அரங்கில் காகிதங்கள் புரளும் சத்தம். இராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

வங்கக் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்திருந்த இந்தியப் பிரதிநிதி, இந்த முப்பத்தெட்டோடு மல்லுக்கட்டவே தயாராகி வந்தவர். முன்னால் அடுக்கியிருந்த குறிப்புகளை ஒதுக்கினார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மட்டும் கேட்டார். மாதவி காட்சி மேசை ஓரத்தில் நின்றிருந்த அமுதவள்ளியைக் கூப்பிட்டாள்.

கோட்டுக்காரர்கள் நடுவில் அமுதவள்ளி நடந்து வந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பயமும் இல்லை, பவிசும் இல்லை. இரண்டு மிக்சர் பாக்கெட்டை மேசைமேல் வைத்தாள். ஒன்று உண்மையாகவே கடல் தாண்டி வந்தது, ஒரே சீராக வெளிறியது. மற்றதில் கட்டம். சுருளிலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்து அந்தக் கட்டத்தின் மேல் வைத்தாள். ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்தது. அவள் மலாயும் தமிழுமாகச் சொல்லச் சொல்ல மாதவி ஆங்கிலத்தில் சொன்னாள். பாக்கெட் மேசையைச் சுற்றிக் கை மாறிப் போயிற்று. மூக்கருகே வைத்துப் பார்த்தார்கள், தடவிப் பார்த்தார்கள்.

கடைசியாக ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று தலைவர் கேட்டார். அமுதவள்ளி கொஞ்சம் யோசித்துத் தமிழில் சொன்னாள்.

"இது எங்க வீட்டுக் குப்ப. எங்க வீட்டுக் குப்பைய நாங்க எண்ணிட்டோம். உங்க வீட்டுத நீங்க எண்ணிட்டு வாங்க, அப்புறம் உக்காந்து பேசலாம்."

மாதவி அதை ஒரு சொல்கூட மெழுகாமல் மொழிபெயர்த்தாள். யாரும் கை தட்டவில்லை. அதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்தது. எதிர்ப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் அதிகாரி மடிக்கணினியைத் திறந்து, எங்கள் பட்டியலிலும் மொழியைத்தான் கேட்டிருக்கிறோம், அதில் மலேசியா என்று போட்டிருக்கிற மீ நூடுல்ஸ் பாக்கெட்டுகள் எங்கள் ஊர்க் கடைகளில் விற்கிறவைதான் என்றார். சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னும் இரண்டு நாடு. இருபது வருடமாகக் கை காட்டிக்கொண்டிருந்த மேசையில் ஒவ்வொரு கையாகக் கீழே இறங்கியது. சாயங்காலம் தீர்மானத்தில் ஒரு வரி சேர்ந்தது: இனி எண்ணுகிற ஒன்பது நாடும், குப்பை எந்த மொழியில் பேசுகிறது என்பதோடு நிற்காமல் எங்கே விற்கப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும். அந்த வரியை எழுதிக் கொடுத்தவர் இராமலிங்கம். மாதவியிடம் மட்டும் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் சொன்னதும் பலித்தது. அடுத்த கூட்டம் கடல் தாண்டி வேறு நாட்டில். எட்டு மாதம் கழித்து அழைப்புக் கடிதம் பிரிக்பீல்ட்ஸ் மாடிக்கு வந்தது. ஒரே ஒரு இடம். பெயர் மாதவி என்று இல்லை. கணக்கெடுக்கிற முறையை ஒன்பது நாட்டு ஆட்களுக்கும் கற்றுக்கொடுக்கத் திருமதி அமுதவள்ளியை அனுப்பிவைக்க வேண்டும் என்று இருந்தது.

மாதவிக்கு ஒரு எரிச்சல் எழுந்தது என்பதை மறைப்பானேன். கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீழே போய் தே தாரே என்கிற ஆற்றிய பால் டீ ஒன்று குடித்தாள். குடித்து முடிக்கிறபோது எரிச்சல் அடங்கி, அந்த இடத்தில் ஒரு பெரிய சந்தோஷம் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருடத்தில் அந்த மேசைக்குப் போக வேண்டிய ஆள் சரியாகப் போகிறாள், அதுவும் நம் மாடியிலிருந்து என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கிருந்தே போன் செய்தாள்.

கடிதத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, நீங்கள் வரவில்லையா என்று அமுதவள்ளி கேட்டாள். ஒருவருக்குத்தான் இடம் என்றாள் மாதவி. பேச வேண்டியதை எழுதித் தரட்டுமா என்று மாதவியே கேட்டாள்.

"வேணாம்கா. அந்த ஊர்ல சாமானுக்கு ஸ்டிக்கர் ஒட்டுற பொம்பளைங்க எங்கனயாச்சும் இருப்பாங்கல்ல? மொதல்ல அவங்களப் பாக்கணும். அவங்கள்ல ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டுதான் மீட்டிங்குக்கு வருவேன்னு எழுதிடுங்க. இல்லன்னா வரலன்னு எழுதிடுங்க."

மாதவி மாடி ஏறிப் போய் அப்படியே எழுதினாள்.